ஈதருக்கு வேகம் உண்டா?

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. வெளியெங்கும் நிறைந்து ஒளியலையைச் சுமக்கிறது என்று ஒருகாலத்தில் நம்பிய ஈதரைப் பற்றி நான்கு பக்கம், கடைசி வரியில் பேத்தி பிறந்த சேதி! தாயும் பிள்ளையும் நலமாக இருக்கட்டும். எனக்குக் கண்புரை அறுவை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. வானத்து நீலம் இவ்வளவு அடர்த்தி என்பதையே மறந்திருந்தேன். படிக்க இப்போதுதான் அனுமதி, அதனால்தான் பதில் தாமதம்.

"அலை என்றால் அலைய ஏதாவது வேண்டாமா?" என்று கேட்கிறாய். நியாயமான கேள்விதான். ஒளி குறுக்கலை, அதாவது போகும் திசைக்குக் குறுக்கே அதிரும் அலை என்று இயற்பியலாளர் ஃப்ரெனல் சொன்னபிறகு, அதைத் தாங்கும் ஊடகத்துக்குத் திடப்பொருளின் விறைப்பு தேவைப்பட்டது. அதற்குள்தான் பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் தடையின்றிப் போகிறது. இதற்கு இயற்பியலாளர் கெல்வின் காட்டிய உதாரணம் செருப்புத் தைப்பவர்களின் மெழுகு. ஓங்கி அடித்தால் நொறுங்கும். மேலே ஈயக் குண்டை வைத்துக் காத்திருந்தால் குண்டு மெல்ல உள்ளே இறங்கிவிடும். ஒளியின் அதிர்வு அடி மாதிரி, பூமியின் நகர்வு குண்டு மாதிரி என்றார்.

அணுவே ஈதரில் விழுந்த சுழல் என்று 1867-இல் சொன்னவரும் அவர்தான். அவருடைய நண்பர் டெய்ட் காட்டிய புகை வளையங்கள் மோதியும் உடையாமல் ரப்பர்போல அதிர்ந்து விலகியதைப் பார்த்து வந்த யோசனை. பொருள் என்று தனியாக எதுவும் இல்லை, எல்லாம் அசைவே என்கிறாயே, அதன் மிக அழகான வடிவம் இது. தோற்றது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஆனால் 1887-ஐ நீ அவசரமாகத் தாண்டிவிட்டாய். ஈதருக்குள் பூமி போகும் வேகத்தை அளக்க, அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மைக்கல்சனும் மோர்லியும் பாதரசத்தில் மிதக்கும் கல்பலகை மீது கருவியை வைத்துச் சுழற்றினார்கள். இரண்டு ஒளிக்கதிர்கள் சேரும் இடத்தில் தெரியும் குறுக்கீட்டுப் பட்டைகள், ஒரு பட்டையின் அகலத்தில் 0.4 பங்கு நகர வேண்டும், 0.02 கூட நகரவில்லை. பூமி தன்னைச் சுற்றியுள்ள ஈதரையும் சேர்த்து இழுத்துப் போகிறது என்கிறாய். அப்படியானால் வானியலாளர் பிராட்லி 1728-இலேயே கண்ட இடச்சாய்வு, அதாவது பூமியின் ஓட்டத்தால் விண்மீன்கள் சற்று இடம் மாறித் தெரிவது, எங்கிருந்து வந்தது? மழையில் நடப்பவன் குடையை முன்னால் சாய்க்கிறான். மழைக்காற்றும் அவனோடு கூடவே நடந்தால் சாய்க்க வேண்டியதே இல்லையே.

நம் ஆகாயம்தான் ஈதர் என்று எழுதியிருப்பதையும் ஏற்க மாட்டேன். நம் பழைய தத்துவப் பள்ளிகளில் ஒன்றான வைசேஷிகத்தார் ஆகாயத்துக்குச் சொன்ன குணம் ஒலி, ஒளி அல்ல.

ஒன்றில் மட்டும் உன் பக்கம் வருகிறேன். 1905-இல் ஈதர் தேவையில்லை என்ற ஐன்ஸ்டைன், 1920-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஆற்றிய உரையில் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்தார். வெளிக்கு இயற்பியல் பண்புகள் உண்டு, அந்த வகையில் ஈதர் உண்டு என்றார். ஆனால் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எங்கே போகிறது என்று பின்தொடர முடியாது. அசைவு என்ற கருத்தையே அதன்மேல் ஏற்றக்கூடாது. இத்தனை வருடமாக "இருக்கிறதா, இல்லையா" என்றே நாம் மோதிக்கொண்டோம். செத்துப்போனது ஈதரின் வேகம் மட்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. வேகமே இல்லாத ஒன்றை ஊடகம் என்பாயா? இதற்கு ஒழுங்காகப் பதில் எழுது.

ஒரு டப்பாவில் தாரை உருக்கி ஊற்றி, ஆறியதும் மேலே ஒரு பேரிங் குண்டை வைத்திருக்கிறேன். பத்து நாளில் பாதி இறங்கிவிட்டது. தை மாதம் வருகிறாயே, அதுவரை டப்பாவை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மணி