படகில் வேலை பார்த்தவர்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில், பர்மாவில் நம் மோல்மீனையும் எதிர்க்கரை மோத்தமாவையும் சால்வீன் ஆற்றின் மேல் இணைக்கும் தான்ல்வின் பாலம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பாலத்தை நான் குறை சொல்ல மாட்டேன், 2005-இல் திறந்ததிலிருந்து நானும் அதன் வழியாகத்தான் ரங்கூன் போய் வருகிறேன். ஆனால் அதற்கு முந்தைய காலத்தை, மோத்தமா கரையில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தோம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்த வரி எனக்கு வலித்தது. பாலம் வருமுன் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி ஆற்றைக் கடந்த வண்டிப் படகில் என் அப்பா 22 வருடம் வேலை பார்த்தவர்.

அப்போது ரங்கூன் ரயில் மோத்தமாவோடு நின்றுவிடும். ஆள், லாரி, மூட்டை எல்லாமே சால்வீனைப் படகில் கடந்துதான் மோல்மீன் வர வேண்டும், தெற்கே யே ஊர்ப் பக்கம் போகிறவர்கள் இங்கே வந்து வேறு ரயில் ஏறுவார்கள். காத்திருந்தது உண்மைதான். அதற்குப் படகுக்காரர்கள் என்ன செய்வார்கள்? சால்வீனோடு ஜைங் ஆறும் அத்தரான் ஆறும் நம் ஊர் முன்னால்தான் வந்து சேர்கின்றன, கடலும் பக்கத்தில், அதனால் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் மணல்திட்டு இடம் மாறிக் கிடக்கும். போன வருடத்து வழியை நம்பி இந்த வருடம் படகு விட முடியாது. முன்னால் ஒருவர் நின்று மூங்கில் கழியைத் தண்ணீரில் விட்டு ஆழம் பார்த்துக் குரல் கொடுப்பார், படகை ஓட்டும் சாரங்கு அந்தக் குரலைக் கேட்டுத்தான் படகைத் திருப்புவார். தண்ணீர் வற்றும் நேரத்தில் தரைதட்டிவிட்டால் கடல் நீர் மறுபடி ஏறும் வரை நடு ஆற்றிலேயே கிடக்க வேண்டியதுதான்.

அப்புறம் வண்டி ஏற்றுகிற வேலை. கனமான லாரியை நடுவில் நிறுத்தி, சின்ன வண்டிகளை இரண்டு பக்கமும் எடை பார்த்துப் பிரித்து விட வேண்டும், ஒரு பக்கம் கூடினாலும் படகு சாயும். தண்ணீர் ஏறியிருந்தால் வண்டி சுலபமாகக் கரையேறிவிடும். வற்றியிருந்தால் படகு தாழ்ந்து போய், ஏற்றப்பாதை வீட்டு மாடிப்படி மாதிரி செங்குத்தாக நிற்கும். அரிசி மூட்டை ஏற்றிய லாரி முக்கி முனகி ஏறும்போது அப்பா கையில் மரக்கட்டையோடு பின்சக்கரத்தை ஒட்டியே நடப்பார், லாரி ஒரு முழம் ஏறினால் கட்டையும் ஒரு முழம் நகரும். வருடத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊர் இது, கரையெல்லாம் பாசி. அப்படி ஒரு மழை நாளில் லாரி பின்னால் சரிந்து அப்பாவின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. மூன்று வாரம் வீட்டில் இருந்தார், சம்பளம் இல்லை, பிறகு அதே வேலைக்குத் திரும்பப் போனார். அம்மா அந்த மூன்று வாரமும் தன் வளையலை விற்றுத்தான் எங்களுக்குச் சோறு போட்டார்.

பாலத்தின் நீளம், தூண், கட்டிய வருடம் எல்லாம் உங்கள் கட்டுரையில் இருக்கிறது. இந்த மனிதர்களைப் பற்றி ஒரு பக்கமாவது வேண்டாமா? அப்பா இப்போது இல்லை. அவரோடு வேலை பார்த்த இரண்டு பெரியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள், ஒருவர் கழி பிடித்தவர், அவருக்குக் காது மந்தம், பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகக் கேட்டால் எல்லாம் சொல்வார். உங்கள் நிருபர் வந்தால் நானே கூட்டிப் போகிறேன். மழை தொடங்குவதற்கு முன்னால் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
மோல்மீன்