‘அசல் டயல்’ என்று சொல்லி விற்ற ஜனதா வாட்ச் பற்றிய புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், மதுரை
(ரசீது நகல் இணைக்கப்பட்டுள்ளது)

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
பழைய கைக்கடிகார விற்பனைப் பிரிவு

பொருள்: வர்ணம் பூசிய டயலை அசல் என்று விற்றது – முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோருதல்

ஐயா,

சென்ற மாதம் இணையம் வழியே உங்களிடம் எச்.எம்.டி. நிறுவனத்தின் ‘ஜனதா’ மாடல் வாட்ச் ஒன்றை 4,850 ரூபாய்க்கு வாங்கினேன். பழைய வாட்ச் வாங்குவது எனக்கு இதுதான் முதல்முறை. “1970களின் தயாரிப்பு, அசல் டயல், அசல் முட்கள், சர்வீஸ் முடிந்தது” என்று எழுதியிருந்தீர்கள். இதில் பின்னால் உள்ள மூன்றும் பொய். அதனால் முதலாவதை நம்பவும் எனக்கு மனம் வரவில்லை.

வாட்ச் என் அம்மாவுக்காக வாங்கியது. கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவர். அப்பாவின் ஜனதாவைத்தான் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவார். லேடீஸ் வாட்ச்சில் வினாடி முள் சரியாகத் தெரியாது என்பார். 15 வினாடி நாடி எண்ணி, நான்கால் பெருக்குவது அவர் வழக்கம். அந்த வாட்ச் ஒரு பேருந்துப் பயணத்தில் தொலைந்துபோனது. உங்கள் பார்சலைப் பிரித்துக் கையில் கட்டிவிட்டதும், பழக்கதோஷத்தில் தன் நாடியையே பிடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில், “முள்ளு கோட்டுக்கு எட்டவே மாட்டேங்குதேப்பா” என்றார்.

அதற்குப் பிறகுதான் நானும் உற்றுப் பார்த்தேன். டயலைச் சுற்றியிருக்கும் நிமிடக் கோடுகள் 12 பக்கம் விளிம்புக்கு அடியில் போய் ஒளிந்திருக்கின்றன. 6 பக்கம் வெள்ளையாக இடம் கிடக்கிறது. அச்சே ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. வினாடி முள்ளோ அந்தக் கோட்டைத் தொடாமல் பாதியில் நிற்கிறது. வேறு மாடலின் முள்.

எங்கள் ஊரில் நாற்பது வருடமாக வாட்ச் பழுது பார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு எனக்கும் காட்டினார். ‘ஜனதா’ என்ற இந்தி எழுத்தின் மேல்கோட்டில் மை கசிந்திருந்தது. டயல் விளிம்பில் வர்ணம் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது. தொழிற்சாலை அச்சு இப்படி இருக்காது என்றார். மிஷின் அசல்தான், தேய்மானம் குறைய உள்ளே 17 சிறு கல் வைத்த எச்.எம்.டி. மிஷின். ஆனால் எண்ணெய் கறுத்துப் பிசினாகியிருந்தது. முழுச் சாவி கொடுத்தால் ஒரு நாளைத் தாண்டி ஓட வேண்டிய வாட்ச் 14 மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. இதற்குப் பெயர் சர்வீஸா?

பழசு என்றால் குறை இருக்கும் என்பது எனக்குத் தெரியும். கண்ணாடியில் கீறல் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஓரிரு நிமிடம் முன்பின் ஓடினாலும் பொறுத்துக்கொள்வேன். டயல் பழுப்பேறியிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். அந்த டயலை இனி எங்கே தேடுவது? ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் வாட்ச் பிரிவை மூடுவதென்று 2016இல் அரசு முடிவெடுத்துவிட்டது. அந்தக் காலத்து வாட்ச்களில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் வீட்டுப் பீரோக்களில் கிடப்பவைதான். அவற்றின் முகத்தைச் சுரண்டி வர்ணம் அடித்தால், பழைய வாட்ச்சில் பழசு என்று எதை வாங்குவது? ‘டயல் புதுப்பித்தது’ என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால், அதற்குரிய விலைக்கு விருப்பப்பட்டவர்கள் வாங்கியிருப்பார்கள். நான் வாங்கியிருக்க மாட்டேன்.

இதைச் சொன்னபோது உங்கள் ஊழியர், “பழைய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது, 500 ரூபாய் தள்ளுபடி தருகிறோம்” என்றார். எனக்குத் தள்ளுபடி வேண்டாம். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் சொல்கின்றன. புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

எனவே, 4,850 ரூபாயையும் முழுமையாகத் திருப்பித் தாருங்கள். வாட்ச்சை உங்கள் செலவில் எடுத்துச் செல்லுங்கள். இதே வர்ணனையோடு இன்னும் ஆறு ஜனதாக்களை விற்பனைக்கு வைத்திருக்கிறீர்கள். அவற்றின் டயல்களையும் சோதித்து, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் முடிவு வராவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

டயலை லென்ஸ் வழியே எடுத்த நான்கு படங்களும், பழுது பார்ப்பவர் கைப்பட எழுதிக் கொடுத்த குறிப்பும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்