பள்ளி உணவில் 50 கிராம் மாதிரி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜப்பானில் மாணவர்களே பரிமாறி, வகுப்பறையைத் துடைப்பதை நாம் அடிக்கடி பாராட்டுகிறோம். நமக்கு அதைவிடப் பயன்படுவது அங்கே சமையற்கூடத்தில் நடப்பது.

1996 ஜூலையில் சாகாய் நகரில் பள்ளி உணவால் ஓ157 வகை ஈகோலை கிருமி பரவி, ஆயிரக்கணக்கான மாணவர்கள் நோயுற்றார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. அதன்பின் விதிகள் இறுகின. உணவின் நடுப்பகுதி 75 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடமாவது வேக வேண்டும். சமைத்த 2 மணி நேரத்துக்குள் பிள்ளைகள் சாப்பிட்டுவிட வேண்டும். அதற்கு 30 நிமிடம் முன்பே பள்ளிப் பொறுப்பாளர் சாப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். நாக்கு கிருமியைக் கண்டுபிடிக்காதுதான். ஆனால் கெட்ட வாடையும் வேகாத கறியும் தெரியும். பந்தியை நிறுத்த அவகாசமும் இருக்கும்.

மூலப்பொருள், சமைத்த பண்டம் ஒவ்வொன்றிலும் சுமார் 50 கிராம் எடுத்து, மைனஸ் 20 டிகிரியிலோ அதற்குக் கீழோ 2 வாரம் வைக்கிறார்கள். அவ்வளவு நாள் ஏன்? இந்தக் கிருமி பெரும்பாலும் 3 முதல் 8 நாள் கழித்தே வயிற்றுப்போக்கைக் காட்டும். மறுநாளே மாதிரியைக் கொட்டிவிட்டால், குற்றம் அரிசியிலா, காய்கறியிலா, தண்ணீரிலா என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசியில் பழி சமையலர் தலையில்தான் விழும்.

சத்துணவு மையம் ஒவ்வொன்றுக்கும் உறைபெட்டி தருவது கடினம். காலை உணவுத் திட்டத்துக்காக நகரங்களில் இயங்கும் பொதுச் சமையற்கூடங்களிலாவது இதைத் தொடங்குங்கள். தேதி, பண்டம், அனுப்பிய பள்ளிகள் ஆகிய மூன்றும் மாதிரிப் பையின் மேல் எழுதியிருக்கட்டும். மின்தடைக்கு மாற்று ஏற்பாடும் வேண்டும்.

– வாசகர், தஞ்சாவூர்