காய் மாத்திக்கற அன்னிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்க: தமிழ்ச் சங்க கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டில இருக்கற அண்ணன்கள், அக்காக்கள் எல்லாருக்கும் வணக்கம்.

அக்டோபர் வந்தாச்சு, ஃப்ராஸ்ட் எப்ப வேணா விழும், ஒண்டாரியோல தோட்டம் போட்ட நம்ம ஆளுங்க எல்லாருக்கும் இப்ப ஒரே அவசரம், பாவக்கா கத்திரிக்கா பச்சத்தக்காளின்னு எல்லாத்தயும் ஒரே நாள்ல பறிச்சு உள்ள கொண்டாந்து குமிச்சுட்டு அப்புறம் என்ன பண்றதுன்னு முழிக்கறோம். தேங்க்ஸ்கிவிங் சமயத்துல நீங்க வெக்கற காய் மாத்திக்கற கூட்டம் எங்களுக்கு பெரிய உதவி. அதுல ஒரு மணி நேரம், காய பாதுகாப்பா சேத்து வெக்கறது எப்படின்னு சொல்லித்தர ஒதுக்கணும்னு கேக்கத்தான் எழுதறேன்.

போன வருஷம் ஒருத்தர் அன்பா ஒரு பாட்டில் குடுத்தாங்க, தோட்டத்து பூண்டு, பச்சையா நல்லெண்ணெய்ல ஊற வெச்சது. மூணு வாரம் கிச்சன் மேடைலயே இருந்துச்சு, புள்ளைங்களுக்கு தோசைக்கு ஊத்திக்கூட குடுத்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அப்படி வெச்சா பாட்டுலிசம்ங்கற, ஒரு கிருமியோட விஷத்தால வர்ற நோய் வரலாம்னு, எண்ணெய் காத்த அடச்சுடும், புளிப்பும் கெடையாது, அந்த கிருமிக்கு அதுதான் தோது. வாசனையும் மாறாது ருசியும் மாறாது. கண்ணு ரெட்டையா தெரியறது, இமை தொங்கறது, பேச்சு கொழர்றதுன்னு வந்தப்புறம்தான் தெரியும். எங்களுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல. ஃப்ரிட்ஜ்ல வெச்சு ஒரு வாரத்துக்குள்ள முடிச்சுடணும், அவ்ளோதான் விஷயம், குடுத்தவங்களுக்கும் தெரியல வாங்கின எனக்கும் தெரியல.

ஊர்ல நம்மள காப்பாத்தினது வெயிலும் உப்பும். சுண்டவத்தல் கையில எடுத்தா கலகலன்னு சத்தம் வரணும்பாங்க எங்கம்மா. இந்த ஊர் அக்டோபர் வெயில்ல அது நடக்காது, டிஹைட்ரேட்டர்ல, அதான் காய ஒணத்தற மெஷின்ல, 57 டிகிரி செல்சியஸ்ல காய வெச்சா மோர்மொளகாகூட நல்லா வருது. பீன்ஸ் மாதிரி புளிப்பில்லாத காய பாட்டில்ல அடைக்கறவங்க கொதிதண்ணில வெச்சா போதும்னு நெனக்கறாங்க, அந்த பாட்டுலிசம் கிருமியோட விதை (ஸ்போர்னு சொல்வாங்க) 100 டிகிரிக்கெல்லாம் சாகாது, ப்ரெஷர் கேனர்ல, அதான் பாட்டில் அடைக்கறதுக்குன்னே இருக்கற குக்கர்ல, 116 டிகிரிக்கு மேல போகணும், நம்ம விசில் குக்கர் அதுக்கு ஆகாது. தக்காளிகூட அரை லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் பாட்டில் எலுமிச்ச சாறு கேக்குது. இவ்ளோ வம்பு வேணாம்னா ஃப்ரீசர்ல போட்டுருங்க.

இன்னொண்ணு, காளான். மழை விட்டதும் காட்டுப்பக்கம் போயி பறிச்சுட்டு வர்றவங்க நம்மள்லயும் இருக்காங்க. ஊர்ல பாத்து பழகின கண்ண நம்பி இங்க பறிக்கக்கூடாது, வெள்ளவெளேர்னு நல்ல காளான் மாதிரியே ஒண்ணு இங்க மொளைக்குது, அது ஈரல அழிச்சுடும், காய வெச்சாலும் வேக வெச்சாலும் அந்த விஷம் போகாது, வாந்தி பேதி ஆரம்பிக்கவே 6 மணி நேரத்துக்கு மேல ஆகும். தயவுசெஞ்சு காட்டுக்காளான கூட்டத்துல மாத்திக்க விடாதீங்க.

பாட்டில்ல என்ன இருக்கு, என்னைக்கு போட்டது, வெளிய வெக்கறதா ஃப்ரிட்ஜ்ல வெக்கறதா, இந்த மூணயும் எழுதி ஒட்டுனாத்தான் மேசைல வெக்கலாம்னு ஒரு விதி போடுங்க. லேபிள் நான் கொண்டாரேன், என் டிஹைட்ரேட்டரயும் கொண்டாரேன், யாருக்கு வேணுமோ எடுத்துட்டு போயி ரெண்டு நாள் வெச்சுக்கட்டும்.