காட்டுக்குப் போகிறவருக்கும் ஒரு பாஸ் வேண்டும்

மட்டக்களப்பு மாவட்டச் செயலாளர் அவர்களுக்கும் வாகரைப் பிரதேச செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம். கொரோனா எப்போதோ முடிந்த கதை, இப்போது எதற்கு இந்தக் கடிதம் என்று கேட்பீர்கள். அடுத்த ஊரடங்குக்கான விதியை நோய் வருமுன்னரே எழுதி வைத்தால்தானே உண்டு.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது வயல் வேலைக்கும் மீன்பிடிக்கும் விலக்குக் கிடைத்தது. நல்ல முடிவு. ஆனால் விவசாயி என்றால் காணி, மீனவர் என்றால் தோணி என்பதுதான் கந்தோர்க் கணக்கு. குஞ்சன்குளம், பனிச்சங்கேணி, கதிரவெளிப் பக்கத்து வேடர் பழங்குடிக் குடும்பங்களில் அல்லைக்கிழங்கு கிண்டுகிறவரும், தேன் எடுக்கிறவரும், களப்பில் இறங்கி நண்டு பிடிக்கிற பெண்ணும் எந்தப் படிவத்தில் வருவார்கள்?

2021 பயணத்தடை மே கடைசியில் தொடங்கி ஜூன் 21 வரை இழுத்தது. தேனும் பாலைப்பழமும் கிடைக்கிற காலம் அது. தவறவிட்டால் அடுத்த வருடம்தான். 5000 ரூபாய் நிவாரணம் கொடுத்தீர்கள், மறுக்கவில்லை. அந்தக் காசு எத்தனை நாளைக்கு அரிசியும் பருப்பும் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். இன்னொன்று: நிவாரண வரிசையில் ஆளை ஆள் இடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். காட்டில் கிழங்கு கிண்டுகிறவருக்கு ஒரு மீற்றர் இடைவெளியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

அமெரிக்காவின் அலாஸ்காவில் கேக் என்றொரு தீவுக் கிராமம். 2020இல் அங்கே உணவு வரத்துத் தடுமாறியபோது, பருவம் இல்லாத காலத்திலும் அளவோடு மான் வேட்டையாடி இறைச்சியை ஊரில் பங்கிட மத்திய அரசின் சபையொன்று பழங்குடியினருக்கு அனுமதி கொடுத்தது. மாநில அரசு அதை எதிர்த்து வழக்குப் போட்டது வேறு விஷயம். நான் வேட்டைக்கு அனுமதி கேட்கவில்லை. கிழங்கு, தேன், பழம், களப்பு, அவ்வளவுதான்.

யார் யார் காட்டையும் களப்பையும் நம்பியிருக்கிறார்கள் என்று கிராம உத்தியோகத்தர்கள் இப்போதே பெயர் எழுதி வைக்கட்டும். ஊரடங்கு வந்தால் கிராம உத்தியோகத்தர் கொடுக்கும் துண்டு வன இலாகாவிடமும் சோதனைச் சாவடியிலும் செல்ல வேண்டும். எந்தக் காட்டுப் பகுதி, எந்த மாதம் என்பதை வேடர் ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இதை எடுப்பீர்களா?

இப்படிக்கு,
வாகரையிலிருந்து ஓர் அயலூர்க்காரன்