சைக்கிள் வாங்கு, ஆனால்...

அன்புள்ள பிரவீனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஆபீஸ் நண்பர்கள் கோல்ஃபுக்குக் கூப்பிட்டார்களாம், "அது வெள்ளைக்காரன் ஆட்டம்பா, நான் சைக்கிள் வாங்கப்போகிறேன்" என்றாய். சைக்கிள் வாங்கு, சந்தோஷம். நீ சொன்ன காரணம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

நம்ம தென்னாப்பிரிக்காவில், இதே டர்பனில், பப்வா சேவ்கோலம் என்று ஒரு கோல்ஃப் ஆட்டக்காரர் இருந்தார். மற்ற ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் வேலை பார்த்தவர், படிப்பு கிடையாது. மட்டையை ஊரே பிடிக்கிற மாதிரி பிடிக்காமல், வலது கையை மேலேயும் இடது கையைக் கீழேயும் வைப்பார். அந்தப் பிடியை வைத்துக்கொண்டே 1959-இல் நெதர்லாந்தின் டச்சு ஓப்பன் போட்டியை ஜெயித்தார். 1963-இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பனும் அவருக்குத்தான். ஆனால் இந்தியர் என்பதால் உள்ளே விடாமல், மழையில் வெளியே நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தார்கள். 1965-இல் உலகப் புகழ்பெற்ற வெள்ளைக்கார ஆட்டக்காரர் கேரி பிளேயரையே தோற்கடித்தார். அப்புறம் அந்தக் கால நிறவெறி அரசாங்கம் அவரைப் போட்டிகளில் ஆடவே விடவில்லை. அப்படிப்பட்டவர் ஆடிய ஆட்டத்தை நாமே போய் வெள்ளைக்காரனுக்கு எழுதிக் கொடுப்பதா?

மற்றபடி என் ஓட்டு சைக்கிளுக்குத்தான். கோல்ஃபில் பதினெட்டு குழி முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேலே போய்விடும், செலவும் ஒவ்வொரு தடவையும் உண்டு. சைக்கிளுக்கு வாங்கும்போது மொத்தமாகக் கொடுத்தால், பிறகு டியூப், செயின் என்று சில்லறைச் செலவுதான். எனக்கு முட்டி வலி இருந்தும் கடற்கரைப் பாதையில் ப்ளூ லகூன் வரை ஓட்டுகிறேன். நடக்கும்போது முட்டியில் இறங்குகிற பாரம் இதில் இல்லை. தொல்லை எல்லாம் உப்புக்காற்றுதான்: துடைத்து எண்ணெய் விடாவிட்டால் செயின் சீக்கிரமே செம்பழுப்பாகிக் கரகரவென்று கத்தும். ஜோகன்னஸ்பர்க்கில் உனக்கு அந்தக் கவலை இல்லை, அங்கே கார்க்காரர்கள்தான் பயம். ஹெல்மெட் சட்டப்படியே கட்டாயம், மறக்காதே.

ஒன்று மட்டும் கோல்ஃபில் உசத்தி. ஹேண்டிகேப் என்று திறமைக்குத் தகுந்தபடி அடிகளில் சலுகை கொடுக்கும் கணக்கு இருப்பதால் கற்றுக்குட்டியும் கெட்டிக்காரனும் சேர்ந்து ஆடலாம், நடுவில் பேச நேரமும் கிடைக்கும். சைக்கிளில் மூச்சு வாங்கும்போது யாரோடு பேசுவது? புது வேலையில் நாலு பேரோடு பழக அது நல்லதுதான். கூப்பிட்டால் ஒரு தடவை போய்வா, மட்டையை வாடகைக்கு எடு, சொந்தமாக வாங்காதே.

அக்டோபரில் அமாஷோவா சைக்கிள் போட்டி வருகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து டர்பனுக்கு 106 கிலோமீட்டர், வழியில் இஞ்சாங்கா மேடு உயிரை எடுக்கும். ஓட்ட வருவதாக இருந்தால் முன்னாலேயே சொல். புரட்டாசி முடியாமல் வந்தால் கறி கிடையாது என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டாள்.

அப்பா