தசைநோய்க்குத் தோப்புக்கரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தசை பலவீனமான பிள்ளைகள் தினமும் 50 தோப்புக்கரணம் போட வேண்டுமாம், "வலி எடுத்தால்தான் தசை ஏறும்" என்று சென்ற இதழ் ஆரோக்கியப் பக்கத்தில் உங்கள் நிபுணர் அருளியிருக்கிறார். என் மகனுக்கு டுஷேன் தசைச்சிதைவு, தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும் பிறவி நோய். அவன் உடம்பில் எது ஏறும், எது இறங்கும் என்று எனக்குத் தெரியும்.

தாங்கள் அறியாததல்ல. தசை இழையின் உறை கிழியாமல் காப்பது டிஸ்ட்ரோபின் என்ற புரதம். டுஷேன் உள்ளவர்களுக்கு அது இல்லை. தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும் வேலைதான் அவர்களுக்கு அதிகக் கெடுதல். மாடிப்படி இறங்குவது அப்படி, தோப்புக்கரணத்தில் உட்காருவதும் அப்படித்தான்.

இதே தத்துவத்தை அவனுடைய பி.டி. சாரும் வைத்திருந்தார். "சோம்பேறி" என்று பட்டம் கொடுத்து மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். அன்று இரவு சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. தசை உடைந்து அதற்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் கலந்தால் அப்படித்தான் போகும், சிறுநீரகத்துக்கே ஆபத்து. சொந்தக்காரர்கள் வேறு, "கெண்டைக்கால் எவ்வளவு திரட்சியா இருக்கு, இவனுக்கா நோய்?" என்பார்கள். தசை அழிந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்ந்த திரட்சி அது. தரையிலிருந்து எழ அவன் தன் தொடையிலேயே கை ஊன்றி ஏறுவது மட்டும் யார் கண்ணிலும் படாது.

பயிற்சியே கூடாது என்று சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்தால் மூட்டு இறுகிவிடும். தினமும் கணுக்காலை நீட்டிவிடுகிறோம், இரவில் பாதத்தை நேராகப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் கட்டுகிறோம், முடிந்தபோது நீச்சல். மறுநாள் வலிக்காத அளவுதான் எங்கள் அளவு. வேறு சில தசைநோய்களில், மருத்துவர் மேற்பார்வையில் மிதமாக எடையும் தூக்கலாம். இந்த வித்தியாசத்தைச் சொல்லப் பக்கத்தில் இடமில்லை போலும். புரோட்டீன் பவுடர் விளம்பரத்துக்கு அரைப் பக்கம் இருந்தது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 குறைபாடுகளில் தசைச்சிதைவும் ஒன்று. உங்களுக்கு அது நினைவு வர டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம், வர வேண்டும். அந்தச் சிறப்பிதழிலும் "மன உறுதி இருந்தால் நடந்துவிடலாம்" என்றுதான் போட்டீர்கள். அதற்கும் எழுதினேன், பிரசுரமாகவில்லை. பரவாயில்லை.

இப்போது கேட்பது இரண்டு வரி: டுஷேன் போன்ற தசைநோய் உள்ள பிள்ளைகளுக்கு அந்தப் பயிற்சி பொருந்தாது, மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓர் அம்மா, நாகர்கோவில்